கடைசி விலை

ரேங்க் பட்டியல் வந்த நாளிலிருந்து கோவில்பட்டியில் இரண்டு சத்யபிரியாக்கள் இருந்தார்கள்.

ஒருத்தி வீட்டுக்குள் இருந்தாள். நீட் தேர்வை இரண்டாம் முறை எழுதியவள். போன வருஷத்தைவிட மார்க் கூடியிருந்தது. மற்றவர்களுக்கு அதைவிடக் கூடியிருந்ததால் ரேங்க் இறங்கியிருந்தது. இன்னொருத்தி பஜாரில் இருந்தாள். அவளுக்கு மதுரையா திருநெல்வேலியா என்பது மட்டும்தான் குழப்பம். அவளைப் பெற்று வளர்த்தது அவள் அப்பா ராமசுப்புவின் வாய்.

இன்று சாயங்காலம் ஐந்து மணியோடு கவுன்சலிங்கில் காலேஜ் தேர்வு முடிகிறது. எந்தெந்த மருத்துவக் கல்லூரி வேண்டும் என்று வரிசையாகப் போட்டு லாக் செய்ய வேண்டும். லாக் செய்த பிறகு கடவுளே வந்தாலும் மாற்ற முடியாது.

ராமசுப்பு ஐந்து காலேஜ் போட்டு வைத்திருந்தார். சென்னையில் இரண்டு, மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி. போன வருஷமும் இதே ஐந்துதான். போன வருஷம் சீட் வரவில்லை. சத்யாவோடு படித்த இசக்கிதுரை அவளைவிடக் குறைந்த மார்க்கில், அதே கோட்டாவில், ஓர் அரசுக் காலேஜில் சேர்ந்துவிட்டான். வடக்கே, ரயிலும் பஸ்ஸுமாக ஒரு ராத்திரி முழுக்கப் போக வேண்டிய ஊர். அவன் அப்பா மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளம் பார்க்கும் கேங்மேன். அந்த ஊரின் பெயரை ராமசுப்பு வீட்டில் யாரும் சொல்வதில்லை. 'இசக்கி காலேஜ்' என்பார்கள். சொல்லும்போது முகம் ஒரு பக்கமாகக் கோணும்.

ராமசுப்புவுக்குப் படிப்பு குறைவு. ஆனால் இந்த ஐந்து காலேஜ் விவகாரம் படிப்புக் குறைவால் வந்ததில்லை. தொழிலால் வந்தது.

வத்தல் மண்டி வைத்திருக்கிறார். காட்டில் விளையவைத்துச் சம்சாரிகள் கொண்டுவரும் மிளகாய் வத்தலை வெளியூர் வியாபாரிகளுக்கு விற்றுக்கொடுத்துக் கமிஷன் எடுப்பார். அவர் கடையில் விலையை வாயால் பேசுவது கிடையாது. இரண்டு பேரின் கையும் ஒரு துண்டுக்குள் போகும். விரலைப் பிடித்தும் மடக்கியும் பேசிக்கொள்வார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. துண்டுக்குள் முடிந்தது முடிந்ததுதான். எழுத்து கிடையாது. மாற்றிப் பேசினவன் அப்புறம் அந்தப் பஜாரில் கடை திறக்க முடியாது.

இந்தத் தொழிலில் அவர் உயிராகக் காப்பாற்றும் விஷயம் ஒன்று உண்டு. கடைசி விலை. எவ்வளவு குறைந்தாலும் கொடுத்துவிடலாம் என்று மனசுக்குள் ஒரு விலை இருக்குமே, அது. எதிராளிக்கு அது தெரிந்துவிட்டால் அதற்கு மேல் பைசா ஏற மாட்டான். தெரிந்துவிட்டால் அந்தச் சரக்கை அன்றைக்கே தள்ளிவிட வேண்டும். மறுநாள் அதற்கும் கீழேதான் கேட்பான்.

கவுன்சலிங்கையும் அவர் அப்படித்தான் பார்த்தார். சாதாரணக் காலேஜ்களைப் பட்டியலில் எழுதுவது, அரசாங்கத்திடம் கடைசி விலையைச் சொல்லிவிடுவது. சொன்ன பிறகு அவன் ஏன் மதுரையைத் தரப்போகிறான்?

காலையில் சத்யா கடைசியாக ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

"உங்க அஞ்சும் மேலயே இருக்கட்டும்ப்பா. அதுக்குக் கீழ நான் பாத்து வச்சிருக்குத ஊரையெல்லாம் போடுவோம். நம்ம முறை வரும்போது மேல இருந்துதான் பாப்பாங்க. மேல இடம் இல்லேன்னாத்தான் கீழ வரும்."

"கீழ வரும்னு நீயே சொல்லுத. எழுதுனாத்தான கீழ வரும்? எழுதலேன்னா?"

"எழுதலேன்னா போன வருஷம் மாதிரி வீட்டுக்கு வரும்."

ராமசுப்பு சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சிரித்தார். மகள் கிண்டல் செய்தது அவருக்குப் பிடித்துத்தான் இருந்தது. அவள் சொன்னபடி கேட்கத்தான் பிடிக்கவில்லை.

பிரிப்பது கம்ப்யூட்டர், அதற்குப் பேரம் பேசத் தெரியாது என்றாள். கம்ப்யூட்டருக்குப் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பான் என்றார். அப்படி யாரும் இல்லை என்றாள். எல்லாக் கம்ப்யூட்டருக்குப் பின்னாலும் ஆள் உண்டு, நீ சின்னப் பிள்ளை என்றார். பிரவுசிங் சென்டர் பூவனநாதனே ஐந்தோடு நிறுத்த வேண்டாம் என்று சொன்னாரே என்றாள். பூவனநாதன் வத்தல் வித்திருக்கானா என்று கேட்டார்.

சத்யா பார்த்து வைத்திருந்த ஊர்கள் எல்லாம் யாரும் முதலில் கேட்காத ஊர்கள். தூரமானவை, மலைமேல் உள்ளவை, புதிதாகத் திறந்தவை, சொந்தக்காரர் யாரும் இல்லாதவை. ஒவ்வொரு வருஷமும் கடைசியில் நிரம்பும் இடங்கள் எவை என்று தேடித் தேடி எடுத்திருந்தாள். மற்ற பிள்ளைகள் எந்தக் காலேஜ் பெரிசு என்று பார்த்தபோது இவள் எது யாருக்கும் வேண்டாததோ அதைப் பார்த்தாள். அவளுடைய ரேங்குக்கு அங்கேதான் கதவு திறந்திருந்தது. அதுவும் இந்த முதல் ரவுண்டில் மட்டும். அடுத்த ரவுண்டில் அங்கேயும் மிச்சம் இருக்காது.

"தண்ணியில்லாத காட்டுல போய் அஞ்சரை வருஷம் கெடக்கப் போறியா?"

"நாம என்ன குத்தாலத்துலயா இருக்கோம்? நம்ம வீட்டுக் குழாய்ல கடைசியா எப்ப தண்ணி வந்துச்சுன்னு அம்மாட்ட கேளுங்க."

அவர் கேட்கவில்லை. செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கவுன்சலிங்கில் பதிந்திருப்பது அவருடைய நம்பர். பட்டியலில் ஒரு எழுத்தை மாற்றினாலும் ஓ.டி.பி. அந்தப் பைக்குள்தான் வந்து விழும். அது அவருக்குத் தெரியும். பையை ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலில் கார் வந்து நின்றது. மதுரையிலிருந்து பிரேமலதா வந்திருந்தாள். ராமசுப்புவின் தங்கை.

*

பிரேமலதாவின் வீட்டுக்காரர் விளாத்திகுளம் பக்கம் சோலார் கம்பெனிகளுக்கு நிலம் வாங்கிக்கொடுப்பவர். மழையை நம்பிக் கிடந்த கரிசல் காடெல்லாம் இப்போது கண்ணாடிப் பலகை முளைத்துக் கிடக்கிறது என்றால் அதில் அவர் பங்கும் கொஞ்சம் உண்டு. பிரேமலதா வெறுங்கையோடு வரமாட்டாள். ஒரு கையில் இனிப்பு இருக்கும், இன்னொரு கையில் யோசனை இருக்கும்.

இன்றைய யோசனை மதுரைப் பக்கம் ஒரு பிரைவேட் காலேஜ். மேனேஜ்மென்ட் சீட். ஆள் பார்த்துப் பேசியாகிவிட்டது.

"நாலு பேரு கேட்டா பேரு சொல்லுத மாதிரி காலேஜ் அண்ணே. அரசாங்கத்துல கெடச்சா சரி, கெடக்கலேன்னா இது. எங்கயோ கெடக்குத ஊருக்குப் பிள்ளைய அனுப்பிட்டு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கும்போது என்ன சொல்லுவீங்க?"

சத்யா அத்தையைப் பார்த்தாள்.

"டாக்டர்னு சொல்லுவோம் அத்தை."

பிரேமலதா அதைக் கேட்காத மாதிரி இனிப்பு டப்பாவைத் திறந்தாள்.

அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த உமாதேவி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சத்யாவின் அம்மா. அதிகம் பேசாதவள் என்று வீட்டில் பெயர். பேசினால் யாரும் கேட்பதில்லை என்பதால் வந்த பெயர் அது.

பிரைவேட் காலேஜ் பணத்துக்கு நாகலாபுரத்து மானாவாரிக் காட்டை விற்றுவிடலாம் என்று பிரேமலதா சொன்னாள். வாங்குகிற ஆள் இன்று சாயங்காலம் இடத்தைப் பார்க்க வருகிறாராம். சும்மா கிடக்கிற காடுதானே என்றாள். ராமசுப்பு துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

உமாதேவி தோசைக் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"காடு யாரு பேர்ல இருக்கு பிரேமா?"

"உங்க பேர்லதான் மதினி. அதான் ஒரு கையெழுத்து."

"சும்மா கெடக்குன்னு யாரு சொன்னா?"

"இந்த வருஷம் இன்னும் உழவே போடலைன்னு அண்ணன்தான்…"

உமாதேவி வீட்டுக்காரரைப் பார்த்தாள். அவர் கடைக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைத் தேடினார்.

அந்தக் காடு அவள் அப்பா கொடுத்தது. ஒவ்வொரு ஆடியிலும் உழவு போட்டு, புரட்டாசியில் விதைத்து, மழை பெய்தால் எடுத்து, பெய்யாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி விதைக்கிறாள். இதற்கு வீட்டில் 'உமாவோட கிறுக்கு' என்று பெயர். இந்த ஆடியில் மகளின் கவுன்சலிங் என்று அலைந்ததில் உழவு தள்ளிப்போயிருந்தது. உண்மைதான்.

அடுப்பை அணைத்தாள். சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு பையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"மாவு குண்டான்ல இருக்கு. ஊத்தத் தெரிஞ்சவங்க ஊத்திச் சாப்பிடுங்க."

எங்கே என்று யாரும் கேட்பதற்குள் வாசலுக்குப் போய்விட்டாள். சத்யா பின்னாலேயே போனாள். தெருவில் வைத்து உமாதேவி குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள்:

"எனக்கு கம்ப்யூட்டர் தெரியாது. காடு தெரியும். நான் என் பக்கத்தப் பாக்குதேன். நீ உன் பக்கத்தப் பாருட்டி."

"அப்பா போனைத் தர மாட்டாங்கம்மா."

"தந்தாத்தான் வாங்குவியா?"

நாகலாபுரம் பஸ் ஏறப் போய்விட்டாள்.

*

நாகலாபுரத்தில் இறங்கியதும் உமாதேவி நேராக டிராக்டர் வைத்திருக்கும் ராஜபாண்டி வீட்டுக்குப் போனாள். இன்றைக்கு வேறு இடத்தில் உழவு இருக்கிறது, நாளைக்கு வருகிறேன் என்றான். நாளைக்கு வந்தால் உழுவதற்குக் காடு இருக்காது என்றாள். அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. சாவியை எடுத்தான்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உழவு போட்ட காட்டை யாரும் கேட்க மாட்டார்கள். உழுதவள் கையால் விதை விழ வேண்டும், அறுப்பு முடிய வேண்டும், அதற்குப் பிறகுதான் கிரயப் பேச்சு. பத்திரத்தில் இல்லாத சட்டம். ஆனால் அதை மீறி வாங்கினவனுக்கு அந்த ஊரில் வழி விட ஆள் இருக்காது.

வெயிலில் வெடித்துக் கிடந்த மண்ணில் கலப்பை இறங்கியது. மேல் மண் சாம்பல் நிறம். புரண்டு வந்த மண் கறுப்பு. கட்டி கட்டியாகப் புரண்டு விழுந்தது. உமாதேவி வேலிக் கருவேல நிழலில்கூட ஒதுங்கவில்லை. வரப்பில் நின்று டிராக்டர் போகிற பக்கமெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். தலைமுடி, சேலை, கண்ணிமை எல்லாம் புழுதி.

பாதிக் காடு முடிந்தபோது பிரேமலதாவின் போன் வந்தது.

"மதினி, எங்கன இருக்கீங்க?"

"காட்டுல."

"அது என்ன சத்தம்?"

"டிராக்டரு."

பிரேமலதா குரலை இளக்கிக்கொண்டு, ஆள் பார்க்க வருகிற நேரத்தில் ஏன் இந்த வேலை, பிள்ளையின் எதிர்காலம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றாள்.

"வரச் சொல்லு. தூசி கெளம்புது. மூக்கப் பொத்திட்டு வரச் சொல்லு."

போனை வைத்துவிட்டாள். டிராக்டர் சத்தத்தில் ராஜபாண்டிக்கு ஒன்றும் கேட்டிருக்காது. ஆனாலும் திரும்பும்போது கலப்பையைக் கொஞ்சம் கூடுதலாக இறக்கினான்.

*

வீட்டில் சத்யா இசக்கிதுரைக்குப் போன் போட்டாள். தான் எழுதி வைத்த பட்டியலில் அவன் காலேஜைக் கடைசியாக வைத்திருந்தாள். ஏன் கடைசி என்று யோசித்தால் காரணம் அகப்படவில்லை. வீட்டில் எல்லோரும் முகத்தைக் கோணி கோணி அவளுக்கும் கொஞ்சம் கோணியிருந்தது. அவ்வளவுதான்.

உள்ளதைச் சொல் என்றாள். அவன் சொன்னான். ஹாஸ்டலில் குழாய் இருக்கிறது, தண்ணீர் லாரியில் வரும். சாப்பாட்டைப் பற்றிக் கேட்காதே. ஊரில் சினிமா தியேட்டர் இல்லை. ராத்திரி கடைசி பஸ்ஸை விட்டால் நடைதான்.

"நல்லதா ஒண்ணுகூட இல்லியா?"

"ஆஸ்பத்திரில கூட்டம் தாங்காது. இங்க டாக்டருங்க கம்மி. அதனால படிக்குதவங்களையே கிட்ட விடுதாங்க. பெரிய காலேஜ்ல ஒரு பிரசவத்த எட்டி நின்னு பாக்கவே வரிசை நிக்கணுமாம். இங்கன எங்க சீனியர் அக்காவுக்குப் பிரசவம் பாத்துப் பாத்து, கை கழுவுன ஈரம் காஞ்சு நான் பாத்ததில்ல."

இசக்கிதுரையே தொடர்ந்தான்:

"ஆமா, உங்க வீட்ல என் காலேஜுக்கு என் பேரையே வச்சிருக்கீங்களாம்ல? கல்வெட்டு எதுவும் உண்டா?"

"யாரு சொன்னா?"

"கோவில்பட்டில யாருக்குத் தெரியாது?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கோபமாக இருந்தது. எதன் மேல் என்று பிரிக்க அவள் முயலவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு மண்டிக்கு நடந்தாள்.

மண்டியில் நெடி ஏறிக் கிடந்தது. கோடையில் விற்காமல் இருப்பு வைத்திருந்த வத்தலைச் சம்சாரிகள் இப்போது கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள். மூட்டைகளின் மேல் உட்கார்ந்து நாலைந்து பேர் காத்திருந்தார்கள். நடுவில் ராமசுப்புவும் விருதுநகர் வியாபாரி உச்சிமாகாளியும் எதிரெதிரே. இரண்டு பேர் கையும் துண்டுக்குள். இரண்டு பேர் முகமும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தன.

உச்சிமாகாளிதான் முதலில் பார்த்தார்.

"வாங்க டாக்டரம்மா. முடிவு பண்ணியாச்சா? மதுரையா, திருநெல்வேலியா?"

துண்டுக்குள் கை அசைந்தது. "அவ சும்மா வந்திருக்கா. நீங்க வெலையச் சொல்லுங்க" என்றார் ராமசுப்பு.

சத்யா ஒரு மூட்டைக்குப் பக்கத்தில் நின்றாள். அப்பாவிடம் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சலாம் என்றுதான் வரும் வழியில் நினைத்திருந்தாள். இப்போது துண்டைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. உள்ளே வைத்துப் பேசினால் உள்ளேயே அமுங்கிவிடும்.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி."

மார்க்கைச் சொன்னாள். ரேங்கைச் சொன்னாள். ஒவ்வொரு இலக்கமாக, பின்னால் உட்கார்ந்திருந்த சம்சாரிக்கும் விளங்கும்படி சொன்னாள்.

"ஏட்டி" என்றார் ராமசுப்பு. கை துண்டுக்குள்ளேயே இருந்தது. வெளியே எடுத்தால் பேரம் முறிந்துவிடும்.

"இந்த ரேங்குக்கு மதுரை வராது. திருநெல்வேலி வராது. தூத்துக்குடியும் வராது. போன வருஷமும் வரல. அப்பா உங்கட்டல்லாம் சொன்னது பொய். எனக்குக் கெடச்சா மணியாச்சி கேங்மேன் மகன் இசக்கிதுரை படிக்குத காலேஜ்தான் கெடைக்கும். அங்க நான் போவேன். அதுதான் என் கடைசி விலை."

மூட்டை மேல் இருந்த ஒருவர் தும்மினார். நெடிக்கு வந்த தும்மல்தான், ஆனால் அந்த நேரத்தில் வேறு மாதிரி கேட்டது.

ராமசுப்புவின் கழுத்து சிவந்தது. முப்பது வருஷத் தொழிலில் அவர் கடையில் ஒரு விலை இப்படி வாய்விட்டுச் சொல்லப்பட்டதில்லை. அதுவும் அவர் சரக்கின் விலை.

உச்சிமாகாளி மெதுவாகத் தன் கையைத் துண்டுக்குள்ளிருந்து உருவிக்கொண்டார். விரல்களைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"நம்ம வெலைய நாளைக்குப் பாத்துக்கிடுவோம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைக் காரியத்த முடிச்சிருங்க. கடைசி வெலை வெளிய வந்துட்டுல்லா. இனி வச்சிருந்தா அதுக்கும் கீழதான் போவும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

ராமசுப்புவின் வாயிலிருந்தே இந்தப் பஜார் கேட்டுப் பழகிய வார்த்தை அது. மறுக்க வழியில்லை. பஜாரில் இருந்த சத்யபிரியா செத்துப்போனாள். இனி காப்பாற்ற யாரும் இல்லை.

சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேஜை மேல் வைத்தார். வைத்தார் என்பதைவிடப் போட்டார்.

*

ஜி.எஸ்.டி. பில் போடும் கம்ப்யூட்டர் கடையின் மூலையில் இருந்தது. கீபோர்டு முழுக்க வத்தல் தூள். சத்யா ஊதிவிட்டு உட்கார்ந்தாள். கண் எரிந்தது.

ராமசுப்பு பின்னால் வந்து நின்றார்.

அவர் போட்டிருந்த ஐந்தை அவள் அழிக்கவில்லை. மேலேயே விட்டாள். அதனால் நஷ்டம் எதுவும் இல்லை. அதற்குக் கீழே தன் ஊர்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடலோரம், மலை, பொட்டல். ஊர்ப் பெயர்கள் வரிசையாக விழுவதை ராமசுப்பு பார்த்துக்கொண்டே இருந்தார். சில ஊர்களிலிருந்து அவருக்கு வத்தல் கேட்டு ஆள் வந்திருக்கிறது. சிலவற்றின் பெயரை அவர் இன்றைக்குத்தான் படிக்கிறார்.

கடைசி வரி வந்தது. இசக்கி காலேஜ்.

"எல்லாம் இருக்கட்டும். அத மட்டும் எடுத்துரு" என்றார். குரலில் கோபம் இல்லை. பேரம் இருந்தது. "உன் இஷ்டத்துக்கு எல்லாத்தையும் போட்டுட்டே. நான் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கேன்."

சத்யா திரும்பவில்லை. அந்தக் கடைசி வரியைப் பிடித்து மேலே நகர்த்தினாள். ஒரு படி. இன்னொரு படி. மலையைத் தாண்டியது, கடலோரத்தைத் தாண்டியது, அவருக்குத் தெரிந்த ஊர்களையும் தாண்டியது. ஐந்துக்குக் கீழே ஆறாவதாகக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"ஏட்டி, என்ன செய்யுத? கடைசி விலைன்னு நீதான சொன்ன?"

"கடைசி விலைதான்ப்பா. முதல்லயே சொல்லுதேன்."

ஏன் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் கம்மி, படிக்கிறவர்களையே கிட்ட விடுவார்கள் என்றாள். வேறு விளக்கம் சொல்லவில்லை. முகம் கோணியதைப் பற்றி அவரிடம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. அது அவளுக்கும் இசக்கிதுரைக்கும் உள்ள கணக்கு.

மேஜை மேல் போன் ஒரு தடவை அதிர்ந்தது. ஓ.டி.பி.

அவள் கையை நீட்டினாள். ராமசுப்பு முந்திக்கொண்டு எடுத்தார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். கொடுக்க மாட்டாரோ என்று சத்யா நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டாள். அவர் எண்ணைப் படித்தார். வாய்விட்டு, ஒவ்வொன்றாக, கடை முழுக்கக் கேட்கும்படி. அவளை அவமானப்படுத்தப் படித்தாரா, ஒத்துக்கொண்டு படித்தாரா என்று தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கும்.

லாக் செய்தாள். திரை ஒரு முறை சுற்றிவிட்டு நின்றது. ஐந்து மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.

சம்சாரிகள் இன்றைக்கு வியாபாரம் இல்லை என்று தெரிந்து டீக்கடைப் பக்கம் போனார்கள். போகிற போக்கில் ஒருவர், எந்த ஊராக இருந்தாலும் ஊசி ஊசிதானே என்றார். உச்சிமாகாளி சத்யாவைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் செருப்பைப் போட்டார்.

ராமசுப்பு தன் இடத்தில் போய் உட்கார்ந்தார். துண்டை மடியில் விரித்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத மாதிரி, துண்டுக்குள் கையை விட்டுக்கொண்டு மகளை எதிரே உட்காரச் சொன்னார்.

"கையக் குடு."

சத்யா உட்கார்ந்தாள். கையைக் கொடுத்தாள். துண்டுக்குள் அவர் அவளுடைய விரல்களைப் பிடித்தார். இரண்டை மடக்கினார். ஒன்றை அழுத்தினார். உள்ளங்கையில் ஏதோ தட்டினார். அவர் முகம் வத்தல் மூட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்கு இந்தப் பாஷை தெரியாதுப்பா. வாயால சொல்லுங்க."

அவர் கையை விடவில்லை.

"நாகலாபுரத்துக் காட்ட நேத்தே வெலை பேசி முடிச்சுட்டேன். இதே எடத்துல. இந்தத் துண்டுக்குள்ளதான்."

"யாருட்ட?"

"உங்க மாமாகிட்ட."

காலையில் அத்தை சொன்ன, சாயங்காலம் இடம் பார்க்க வருகிற ஆள் அத்தையின் வீட்டுக்காரரேதான். யாரோ வெளியாள் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். அத்தையின் இனிப்பு டப்பா சத்யாவின் நினைவுக்கு வந்தது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"கையெழுத்துப் போடும்போது தெரியும்னு நெனச்சேன்."

சத்யாவின் போனில் அம்மா ஒரு போட்டோ அனுப்பியிருந்தாள். நாகலாபுரத்துக் காடு. ஒரு வரப்பிலிருந்து மறு வரப்பு வரைக்கும் கறுப்பாகப் புரண்டு கிடந்தது. கீழே உமாதேவிக்குப் பழக்கமில்லாத டைப்பிங்கில், இடைவெளி விடாமல்: 'உழுதாச்சுஅப்பாட்டகாட்டு'.

காட்டினாள்.

ராமசுப்பு ரொம்ப நேரம் பார்த்தார். துண்டுக்குள் முடிந்த பேச்சை மாற்ற முடியாது. உழவு போட்ட காட்டைக் கொடுக்க முடியாது. இரண்டும் அவருக்குத் தெரியும். இரண்டுக்கும் நடுவில் எதுவும் இல்லை என்பதும் தெரியும்.

கடை வாசலில் பிரேமலதாவின் கார் வந்து நின்றது. அத்தை இறங்கவில்லை. முன் கதவைத் திறந்துகொண்டு மாமா இறங்கினார். இறங்கும்போதே கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

ராமசுப்பு அனிச்சையாகத் துண்டை இழுத்து விரித்தார்.

சத்யா அதை அவர் மடியிலிருந்து எடுத்தாள். மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வாங்க மாமா" என்றாள். "உக்காருங்க. இன்னைக்கு இங்க எல்லாம் வாயாலதான்."